ஆபத்தை விலைக்கு வாங்கலாமா?

குடகு மாவட்டத்தின் தென்கோடியில், பிரம்மகிரி மலையின் மழைக்காட்டுக்குள், பாரபோளே என்றோர் ஆறு ஓடுகிறது. கோடையில் பாறைகளுக்கு நடுவே மெலிந்து கிடக்கும் அந்த ஆறு, ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மலைச்சரிவில் கொட்டுகிற மழையெல்லாம் ஒரு குறுகிய பாதைக்குள் திரண்டு, பாறைகளில் மோதி, நுரைத்து, வெள்ளை வெளேரென்று இறங்கி, கேரளத்திற்குள் புகுந்து வளபட்டணம் ஆற்றோடு சேர்ந்து அரபிக்கடலை அடைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இந்த மழை மாதங்களில்தான் அங்கே கூட்டம் வருகிறது. காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்றில் ஆறேழு பேர் ஏறிக்கொண்டு, தலைக்கவசமும் உயிர்காப்புச் சட்டையும் அணிந்து, கையில் ஆளுக்கொரு துடுப்புடன் அந்த வெள்ளத்தில் இறங்குகிறார்கள். ராஃப்டிங் என்று இதற்குப் பெயர். வழியிலுள்ள ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘மார்னிங் காபி’. இன்னொன்று ‘விக்கெட் விட்ச்’, அதாவது பொல்லாத சூனியக்காரி. காலைக் காப்பி கொடுத்து அழைத்துச் சென்று சூனியக்காரியின் கையில் ஒப்படைக்கிற இந்தப் பெயர்களைச் சூட்டியவருக்கு மனித மனம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இதை நாம் இந்தப் பக்கங்களில் எழுதக் காரணம் உண்டு. புதுச்சேரி சமதரை. நம் சங்கராபரணி ஆறு மழைக்காலத்தில் சில நாள் பெருகி ஓடுவதோடு சரி. வெள்ளை நுரை என்றால் நமக்குக் கடற்கரைச் சாலையின் பாறைகளில் வந்து அடிக்கும் அலைதான். ஆயினும் நம் பங்குகளின் இளைஞர்கள் இரவுப் பேருந்தேறிப் பெங்களூர் வழியாகக் குடகிற்கும், அதற்கும் வடக்கே காளி ஆற்றின் கரையிலுள்ள தாண்டேலிக்கும் போய் வருகிறார்கள். ஒரு காலத்தில் இளைஞர் சுற்றுலா என்றால் செஞ்சிக்கோட்டை, பிச்சாவரம், மிஞ்சிப்போனால் ஏற்காடு. இப்போது சம்பாதிக்கிற பிள்ளைகள். தங்கள் பணத்தில் தாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. போய்வந்தபின் புகைப்படத்தைக் காட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. பெற்றோர் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து நிற்கிறார்கள். ஒரு தாய் சுற்றி வளைக்காமல் கேட்டார்: “கடவுள் கொடுத்த உயிரைப் பணயம் வச்சு விளையாடுறது பாவம் இல்லையா, சாமி?”

எளிதாகத் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது. குருமடத்தில் நாம் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில், ஐந்தாம் கட்டளையின் கீழ் இதற்கென்றே சில பக்கங்கள் இருந்தன. உயிர் நம் உடைமையன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே தகுந்த காரணமின்றி அதை இடருக்கு உட்படுத்தலாகாது என்று கற்றோம். எது தகுந்த காரணம்? பற்றியெரியும் வீட்டுக்குள் குழந்தையைத் தேடி நுழைவது. தொற்றுநோயாளிக்குப் பணிவிடை செய்வது. வயிற்றுப்பாட்டுக்காகப் புயற்காலத்தில் கடலேறுவது. இவற்றுக்கெல்லாம் அனுமதி உண்டு. மகிழ்ச்சிக்காக என்றால்? அந்த இடத்தில் பாடநூல்கள் கொஞ்சம் முகத்தைச் சுளிக்கும். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகைக்கு ஆண்டவர் தந்த மறுமொழியை எடுத்துக்காட்டி, கடவுளைச் சோதிக்கும் செயல் என்று முடித்துவிடும்.

சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரத்தையும் துணைக்கு அழைப்பார்கள். ஆபத்தின்மேல் ஆசை வைப்பவனுக்கு நேரும் முடிவைப் பற்றி அங்கே கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை முழுவதும் படித்தால், ஆசிரியர் அங்கே பேசுவது மலையேறுகிறவனைப் பற்றியோ ஆற்றில் இறங்குகிறவனைப் பற்றியோ அன்று என்பது தெரியும். பிறர் சொல் கேளாத, இறுகிப்போன, தன்னைத் தவிர வேறெவரையும் பொருட்படுத்தாத உள்ளத்தைப் பற்றியே அவர் பேசுகிறார். இந்த வேறுபாடு முக்கியமானது. இதற்குப் பின்னால் வருவோம்.

முதலில், ஆபத்து என்று நாம் சொல்வது எதுவென்று பார்த்துவிடுவது நல்லது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு முழுவதும் ஒரே கொந்தளிப்பாகத் தெரியும். தெரிந்தவர்களுக்கு அது படிக்கத்தக்க ஓர் ஏடு. ஆற்றின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்து உலகெங்கும் ஒரே அளவுகோலால் குறிக்கிறார்கள். முதல் தரத்தில் குழந்தையும் மிதக்கலாம். ஆறாம் தரத்தில் தேர்ந்தவரும் உயிரோடு வருவது உறுதியில்லை. பாரபோளேயின் கடுமையான பாய்ச்சல்கள் நான்காம் தரத்தைத் தொடுகின்றன. பாறையைத் தாண்டி விழுகிற நீர் அடியில் சென்று, மேலெழுந்து, மீண்டும் பாறையை நோக்கியே திரும்பிச் சுழலும் இடங்கள் உண்டு. அங்கே சிக்கிய கட்டை மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். மனிதனும் அப்படித்தான். மழைக்காட்டு ஆறுகளுக்கென்று மற்றோர் இடர் இருக்கிறது. கரையில் சாய்ந்த மரம் ஆற்றின் குறுக்கே கிடக்கும். கிளைகளின் ஊடே நீர் போய்விடும், ஆள் போகமாட்டான். சல்லடையில் மாவு இறங்கிக் கப்பி நின்றுவிடுவதைப் போல.

மிதவையிலிருந்து விழுந்தவனுக்குச் சொல்லித் தருகிற பாடம் நம்மைச் சற்றே சிந்திக்க வைத்தது. மல்லாந்து மிதக்க வேண்டும். கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்க முயலக்கூடாது. முழங்காலளவு நீர்தானே என்று நின்றால், பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளுகிற நீர் ஆளை முகங்குப்புற மடக்கி அமிழ்த்திவிடும். விழுந்தவன் உடனே எழுந்து நிற்பதுதான் வீரம் என்று பழக்கப்பட்ட நமக்கு, நிற்காதே என்பது கேட்கக் கடினமான அறிவுரை.

ஆக, இது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதன்று. அறிந்து, அளந்து, ஆயத்தம் செய்துகொண்டு இறங்குவது. புனித தோமா அக்குவினார் துணிவைப் பற்றி எழுதும்போது, கோழைத்தனத்தைப் போலவே அளவுமீறிய துணிச்சலும் குற்றமே என்கிறார். அறிவின் கடிவாளத்துக்குள் நிற்கும் துணிவுதான் நற்பண்பு என்பது அவர் கருத்து. அதே நூலின் வேறோரிடத்தில் விளையாட்டைப் பற்றியும் அவர் எழுதியிருப்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவது போல உள்ளம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்கிறார். விளையாட்டே அறியாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் இடையூறாக இருப்பதை ஒரு குறையாகவே கணக்கிடுகிறார். கடுகடுத்த முகத்தைப் புனிதத்தின் அடையாளமாக நினைத்துக்கொண்டிருக்கும் சிலருக்கு இதை உரக்கப் படித்துக் காட்டலாம்.

சொல்லில் மட்டுமன்றிச் செயலிலும் சான்று உண்டு. பின்னாளில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதராக விளங்கிய அக்கில்லே ராத்தி, இளங்குருவாக இருந்தபோது ஆல்ப்ஸ் மலை ஏறியவர். 1889இல் மோன்தே ரோசாச் சிகரத்தை அதன் கடினமான கிழக்குப் பக்கமாக ஏறி, பனிப்பாறை விளிம்பில் இரவைக் கழித்திருக்கிறார். திருத்தந்தையான பின் 1923இல் மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. 2025 செப்டம்பரில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜியோ பிரசாத்தியும் மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்ட இளைஞர்தான்.

எனவே அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான்: பாவம் என்று சொல்ல நம்மால் இயலாது. எட்டு மணி நேரம் திரைமுன் அமர்ந்து, எவரோ வகுத்த இலக்கை எட்டுவதிலேயே இளமையைச் செலவிடும் ஒரு பிள்ளைக்கு, தன் கைகளுக்கும் நுரையீரலுக்கும் என்ன வலிமை இருக்கிறது என்று தெரியவரும் ஒரு நாள் வீண் நாளன்று. அந்த மிதவையில் எவனும் தனித்து வீரம் காட்ட முடியாது. ஆறு துடுப்புகளும் ஒன்றாக விழுந்தால்தான் அது திரும்பும். அருகிலிருப்பவன் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று கேட்க அங்கே நேரமில்லை. நம் திருவிழாத் தேர் இழுக்கும்போதுகூட இந்த ஒற்றுமை முழுதாக வாய்ப்பதில்லை.

ஆனால் இதே சேதியைக் கேட்ட கடலோரக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் சிரித்தார். ஐம்பது ஆண்டுகளாகக் கட்டுமரத்திலும் பின்னர் கண்ணாடியிழைப் படகிலும் கடலேறியவர். கடலில் கவிழ்ந்து அண்ணனைப் பறிகொடுத்தவர். பணம் கொடுத்து ஏறுகிறார்களா, பணம் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்களா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நம் சிந்தனை திசை மாறியது அங்கேதான். ஆபத்து அனுமதிக்கத்தக்கதா என்று மட்டுமே நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஆபத்தைத் தெரிந்தெடுத்தது யார் என்று கேட்டிருக்கவில்லை. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் தாம் பட்ட இடர்களை அடுக்கும்போது, கப்பற்சேதங்களோடு ஆறுகளால் நேர்ந்த இடர்களையும் குறிப்பிடுகிறார். அவர் அந்த ஆறுகளைத் தேடிப் போகவில்லை. அவர் போகவேண்டிய வழியில் அவை இருந்தன.

மழைக்காட்டு ஆறு, வெள்ளைப் பாய்ச்சல், படகில் தமிழர். இவை மூன்றும் நம் ஊர் வரலாற்றில் முன்பே ஒருமுறை ஒன்றுசேர்ந்திருக்கின்றன. குடகில் அல்ல, தென் அமெரிக்காவில்.

பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை 1848இல் ஒழித்தது. ஒழித்த மறுநாளே கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம் வந்தது. அதைத் தீர்க்க அவர்கள் கண் திரும்பியது நம் பக்கம். ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். 1861இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், ஆங்கிலேயப் பகுதி மக்களையும் திரட்டி அனுப்ப வழி பிறந்தது. கயானாவுக்கு மட்டும் 1850களின் நடுப்பகுதி முதல் 1870களின் பிற்பகுதி வரை 8,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடற்பயணம். கயேன் என்பது எந்தத் திசையில் இருக்கிறது, அங்கே 1852 முதல் பிரான்சின் கைதிகளையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பதெல்லாம், ஒப்பந்தத்தாளில் கைநாட்டு வைத்தவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1855இல் கயானாவின் அப்ருவாக் ஆற்றின் கிளையான அராத்தாய் ஓடையில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கரும்புக்கென்று வந்தவர்களுள் ஒரு பகுதியினர் தங்கத்துக்காகக் காட்டுக்குள் அனுப்பப்பட்டார்கள். அந்தக் காட்டுக்குச் சாலை இல்லை. ஆறே சாலை. கடற்கரையிலிருந்து சற்றே உள்ளே போனதும் பாய்ச்சல்கள் தொடங்கிவிடும். பிரெஞ்சு மொழியில் அவற்றை ‘ஸோ’ என்பார்கள். தாவல் என்று பொருள். நம் ஊரில் பிரெஞ்சு பயின்ற பெரியவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்ததே. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த நீண்ட படகுகளில் அரிசி, கருவாடு, மண்வெட்டி ஆகியவற்றோடு ஆட்களையும் ஏற்றி, ஓட்டத்துக்கு எதிராகத் துழாவிக்கொண்டு போவார்கள். சிறிய தாவல்களில் படகைக் கயிறு கட்டி இழுப்பார்கள். பெரியவற்றில் சுமையை இறக்கிக் காட்டு வழியே தூக்கிச் சென்று, மேலே மீண்டும் ஏற்றுவார்கள். திரும்பி வருகையில் அதே பாய்ச்சல்களில் ஓட்டத்தோடு இறங்க வேண்டும். தலைக்கவசம் கிடையாது, உயிர்காப்புச் சட்டை கிடையாது. திரும்பி வருவது என்று ஒன்று இருந்தால் அல்லவா இறங்குவதைப் பற்றிப் பேச! காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் அங்கேயே புதைந்தவர்கள் மிகப் பலர். சாவு எண்ணிக்கை அளவு கடந்துபோகவே, 1876இல் ஆங்கிலேய அரசு கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்தது.

தென்னார்க்காட்டின் கேணியும் ஏரியும் மட்டுமே அறிந்த ஓர் உழவன், பெயர் தெரியாத மரங்களுக்கு நடுவே, பெயர் தெரியாத ஓர் ஆற்றின் நடுவில், நனைந்த வேட்டியோடு படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் கற்பனை செய்து பார்க்கிறோம். அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதும் பாரபோளேயில் நம் பிள்ளைகளின் நெஞ்சு அடித்துக்கொள்வதும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். உடலுக்கு வேறுபாடு தெரியாது. நீரும் அதே நீர். பாறையும் அதே பாறை. ஆனால் ஒருவன் இறங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மற்றவன் சொல்லியிருக்க முடியாது. இந்த ஒன்று, மற்ற எல்லா ஒற்றுமைகளையும் பொருளற்றதாக்கிவிடுகிறது. இன்று அதே அப்ருவாக் ஆற்றில் நீள்படகில் பயணிகளை ஏற்றிக் காடு காட்ட அழைத்துப் போகிறார்கள். ரெயூனியனின் கிழக்கே, தமிழ் வழியினர் நிறைந்த சேன்-பெனுவா நகரருகே, மர்ஸுவான் ஆற்றில் ராஃப்டிங் நடக்கிறது. கரும்புக்காகக் கொண்டுபோகப்பட்டவனின் பேரனுக்குப் பேரன் அந்த மிதவையில் சிரித்துக்கொண்டே இறங்கலாம். அதை நாம் குறை கூறமாட்டோம். முன்னோர்க்கு மறுக்கப்பட்டது அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

கயானாக் காட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இவர் தாமே விரும்பிப் போனவர். தூலோன் நகரைச் சேர்ந்த ரெமோன் மொஃப்ரே என்னும் பிரெஞ்சு இளைஞர், கயானாவின் உட்காட்டைத் தனியாகக் கடந்து பிரேசில் போய்ச் சேர்வதென்று 1949இல் புறப்பட்டார். அறிந்தவர்கள் தடுத்தார்கள், கேட்கவில்லை. 1950 ஜனவரியில், உணவு தீர்ந்து, உடல் நலிந்த நிலையில், தம் குறிப்பேட்டையும் உடைமைகளையும் கரையில் விட்டுவிட்டு, தொலைவிலிருந்த ஊரை நீந்தியே அடைந்துவிடலாமென்று ஆற்றில் இறங்கினார். அத்தோடு அவரைக் கண்டவர் எவருமில்லை. வயது 23. குறிப்பேடு மட்டும் பழங்குடியினர் ஒருவர் கையில் கிடைத்துப் பின்னர் நூலாக வந்தது.

அவருடைய துணிவைப் புகழ்ந்தவர்கள் உண்டு. நமக்கு அவரை விட அவருடைய தந்தைதான் நினைவில் நிற்கிறார். எட்கார் மொஃப்ரே தம் மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்க மறுத்து, 1952 முதல் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அதே காடுகளிலும் ஆறுகளிலும் திரும்பத் திரும்பத் தேடி அலைந்தார். வயது முதிர்ந்த மனிதர், காடு பழகாதவர். மகன் விரும்பித் தெரிந்தெடுத்த ஆபத்தைத் தந்தை விரும்பாமலே சுமந்தார். சீராக் சொல்லும் இறுகிய உள்ளம் இதுதானோ என்று சில வேளை தோன்றுகிறது. இறந்துபோன ஓர் இளைஞரைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆனால் நான் என் உயிரைத்தானே பணயம் வைக்கிறேன், மற்றவர்க்கென்ன என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அது உண்மையில்லை என்று மட்டும் சொல்லிவிடலாம். ஒருவனுடைய உயிர் ஒருவனிடம் மட்டும் இருப்பதில்லை. வீட்டில் சொல்லாமல் போய்விட்டுப் பின்னர் புகைப்படம் காட்டுவது வேடிக்கையாகத் தோன்றினாலும், காத்திருப்பவருக்குரிய உரிமையை அது பறித்துவிடுகிறது. அஞ்சுவதற்கும் ஓர் உரிமை உண்டு.

இனி மிதவையின் பின்புறத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வருவோம். வழிகாட்டி என்று அவரை அழைக்கிறார்கள். பலர் இமயமலை அடிவாரத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிறவர்கள். சிலர் உள்ளூர் இளைஞர்கள். துடுப்பு போடு, நிறுத்து, குனி என்று அவர் கத்துகிற குரலுக்கு ஆறு பேரும் கட்டுப்படுகிறார்கள். பயணி வாழ்வில் ஒரு முறை கடக்கும் பாய்ச்சலை அவர் ஒரு பருவத்தில் நூறு முறை கடக்கிறார். பயணிக்கு அது விளையாட்டு, அவருக்கு வேலை. கப்பலேற்றப்பட்ட நம் கூலியைப் போல அவர் கட்டுண்டவர் அல்லர் என்பது உண்மை. தம் தொழிலில் பெருமையும் திறமையும் உள்ளவர்கள் அவர்கள். ஆயினும் ஒரு மிதவையில் அமர்ந்திருப்போருள், இறங்கமாட்டேன் என்று சொன்னால் வயிறு காயக்கூடியவர் அவர் ஒருவரே. குப்பத்துப் பெரியவர் கேட்ட கேள்வியின் முனை அவரைத்தான் தொடுகிறது.

காளி ஆற்றில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தாண்டேலிக்கு அருகே கணேஷ்குடியில் மிதவைகள் இறங்குகின்றன. அங்கே வெள்ளம் வானத்திலிருந்து வருவதன்று. மேலேயுள்ள சூப்பா அணையில் மின்சாரத்துக்காக நீர் திறந்துவிட்டால் பாய்ச்சல் உண்டு, மூடினால் இல்லை. 101 மீட்டர் உயரமுள்ள அந்த அணை 1987இல் செயல்படத் தொடங்கியது. அதன் நீர்ப்பரப்புக்குள் சூப்பா என்ற பழைய ஊரே மூழ்கிக் கிடக்கிறது. அங்கிருந்தவர்களை ராம்நகரில் குடியமர்த்தினார்கள். தம் வீட்டின்மேல் தேங்கிய நீர் திறந்துவிடப்பட்டு, அதில் நகரத்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டு போவதை அவர்களில் எவரேனும் நின்று பார்த்திருக்கக்கூடும். மின்சாரத்தை நாமும்தான் பயன்படுத்துகிறோம். ஆகவே இதை ராஃப்டிங் போகிறவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. ஆறு என்பது இயற்கையின் கட்டற்ற சக்தி என்று விளம்பரத்தில் படிக்கும்போது, அந்தச் சக்திக்கு ஒரு கால அட்டவணையும் அதன் அடியில் ஓர் ஊரும் உண்டு என்பதை அறிந்துகொண்டு இறங்கலாம்.

அரசும் நீதிமன்றமும் செய்யவேண்டியவை உண்டு. 2018 ஜூனில் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம், கங்கையில் ராஃப்டிங் உள்ளிட்ட நீர் விளையாட்டுகளை முறைப்படுத்த விதிகளை வகுக்கும்வரை அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னது. அப்படிப்பட்ட விதிகள் தேவை. ஆனால் ஆற்றங்கரையில் அந்த நாளின் நீரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் வழிகாட்டிதான். காலையில் பாறையின் அடையாளம் வரை நின்ற தண்ணீர், மேலே பெய்த மழையால் ஒரு மணி நேரத்தில் அதை மூடிவிடும். அப்போது அவர், இன்று முடியாது என்று சொல்ல வேண்டும். தோமா அக்குவினார், துணிவின் முதன்மையான செயல் பாய்வதன்று, தாங்கி நிற்பதே என்கிறார். நாம் அதைப் படித்தபோது மறைசாட்சியரை மட்டுமே நினைத்துக்கொண்டோம். பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள், விடுப்பு எடுத்தவர்கள், முன்பணம் கட்டியவர்கள், கூடுதலாகத் தருகிறோம் என்று பணப்பையைத் திறப்பவர்கள், பயமா என்று கேலி செய்பவர்கள். இவர்கள் நடுவில் நின்று முடியாது என்று சொல்பவருக்கும் அந்தத் துணிவு வேண்டும். அவரைச் சொல்லவிடாமல் செய்வதுதான், நம் கணிப்பில், அந்தத் தாய் அஞ்சிய பாவம். அது ஆற்றில் இல்லை, கரையில் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் ஒகேனக்கலில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். காவிரியில் நீர்வரத்து கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது. செய்தித்தாளில் ஒரு வரி வரும். தடை சரியானது, அதனால் காக்கப்பட்ட உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் தடை நீடிக்கிற நாளெல்லாம் பரிசலோட்டிக்கு வருமானம் இல்லை. வந்தவர்கள் அருவியைத் தொலைவிலிருந்து பார்த்து, மீன் வறுவல் தின்று, வீடு திரும்புகிறார்கள். பாதுகாப்பின் விலையை அங்கே கொடுப்பவர், ஆபத்தின் விலையைக் கொடுத்த அதே ஆள்தான்.

இதை ஒரு ஞாயிறு மாலை நம் பங்கு இளைஞர்களோடு பேசினோம். வெள்ளம் மிகுந்து பயணம் நின்றுபோனால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்பதில் பேச்சு சூடு பிடித்தது. சேவை கிடைக்கவில்லை, பணம் திரும்ப வேண்டும்; இது சட்டப்படி நம் உரிமை என்றார் வணிகவியல் படித்த தம்பி ஒருவர். மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கும் ஒரு பெண், இறங்கலாம் என்று சொன்னால் கூலி, வேண்டாம் என்று சொன்னால் பட்டினி என்றால் யார்தான் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று கேட்டார். நிறுவனத்தின் பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வழிகாட்டியின் நாட்கூலியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவது என்பது அவர் கருத்து. அந்தக் கூலி எவ்வளவு என்று எவருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மழை பிடிக்குமுன் மீண்டும் கூடுவதாகச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.